கழுவாத புகை

புருஷனும் பெண்டாட்டியும் ஒரே இடத்தில் வேலை பார்ப்பதே கத்தி மேல் நடக்கிற காரியம். அதிலும் இருவரும் எதிரெதிர் அணி என்றால், அந்த வீட்டில் கரண்டி கூடக் கொஞ்சம் சத்தமாகத்தான் விழும். பொடியம்மாவின் வீடு அப்படிப்பட்ட வீடு.

பொடியம்மா என்பது ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வைத்த பெயர். கை, சட்டை, காதோர முடி என்று எங்கே பார்த்தாலும் அவள் மேல் ஒரு வெள்ளைப் பொடி ஒட்டிக்கொண்டிருக்கும். துத்தநாகமும் சிர்க்கோனியமும் கலந்த ஆக்சைடு அது. புகைபோக்கியில் வெளியேறும் கரியமில வாயுவோடு ஹைட்ரஜனைச் சேர்த்து, சூடாக்கி, அழுத்தி, இந்தப் பொடியின் வழியாக அனுப்பினால் மறுமுனையில் மெத்தனால் சொட்டும். அதை எரிக்கலாம், பிசின் செய்யலாம், பெயின்ட் செய்யலாம். வேண்டாம் என்று வானத்தில் விரட்டிய புகையைக் காதைப் பிடித்துத் திரும்ப அழைத்து வேலைக்கு வைக்கிற வித்தை. பொடி இதில் கரையாது, குறையாது. கல்யாணத் தரகர் போல இரண்டு பக்கத்தையும் சேர்த்துவைத்துவிட்டு அடுத்த ஜோடியைப் பார்க்கப் போய்விடும். அதனால்தான் அதற்கு வினையூக்கி என்று பெயர்.

அவள் கணவர் செய்ததும் இதே வித்தைதான். ஆனால் அவருடையது செம்பு சேர்ந்த கலவை, அதனால் அவர் பெயரும் செம்பு. செம்பு வேகமான ஆள், அவருடைய வினையூக்கியும் வேகம். அதே நேரத்தில் அவளுடையதைப் போல ஒன்றரை மடங்கு மெத்தனாலைக் கொட்டும். அவளுடைய பொடியோ, எழுந்து நிற்கவே யோசிக்கும். அதற்கு 'எருமை' என்று பெயர் வைத்து, கூடத்தில் எல்லோர் வாயிலும் போட்டுவிட்டவர் செம்புதான்.

"எருமை இன்னிக்கு என்ன சொல்லுது?" என்பார் சோற்றைப் பிசைந்துகொண்டே.

"உங்க குதிரைக்கு மூச்சு வாங்குதாம், தண்ணி குடுக்கச் சொல்லுது" என்பாள் இவள்.

சாப்பாட்டு மேசையில் வேலைப் பேச்சு கூடாது என்று அவர்களுக்குள் ஓர் ஒப்பந்தம் இருந்தது. அதைத் தினமும் உடைத்தவர் மாமியார். அவர் ஓய்வுபெற்ற வலைப்பந்து நடுவர். விசில் போனாலும் பழக்கம் போகவில்லை. "ஸ்கோர் என்ன?" என்று கேட்காமல் அவருக்கு ஒரு கவளம் இறங்காது. பிள்ளை என்றும் பார்க்க மாட்டார், மருமகள் என்றும் பார்க்க மாட்டார். யார் அதிகம் புலம்புகிறார்களோ அவர்களுக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்லுவார்.

இப்போது போட்டி முற்றிவிட்டது. சிமென்ட் ஆலை ஒன்றின் புகைபோக்கி அடியில் ஓர் ஆள் உயரத்துக்கு மேலே பெரிய உலை ஒன்றைக் கட்டி நிறுத்திவிட்டார்கள். அது ஒன்றுதான், அதற்குள் போகப்போவதும் ஒரு வினையூக்கிதான். எது என்று முடிவு செய்ய, பக்கத்திலேயே ஓர் இரும்புக் கொட்டகையில் விரல் தடிமனில் இரண்டு எஃகுக் குழாய்கள். ஒன்றில் செம்பு, மற்றதில் வெள்ளைப் பொடி. இரண்டுக்கும் ஒரே புகை, ஒரே சூடு, ஒரே அழுத்தம். யாருடையது முன்னே வருகிறதோ அவருடையது பெரிய உலைக்குள். தோற்றவர் தன் வினையூக்கியைக் கண்ணாடிப் புட்டியில் போட்டு அலமாரியில் அலங்காரமாக வைத்துக்கொள்ளலாம். கூடத்தின் தலைவி அப்படிச் சொல்லவில்லை, ஆனால் இரண்டு ஆராய்ச்சிக்கு இனி இடமில்லை என்று மட்டும் சொன்னார். பொடியம்மாவுக்குத் தெரியும், அலமாரிக்குப் போகப்போவது தன்னுடையதுதான். ஆறு வருடம் வளர்த்த பிள்ளையை அலமாரியில் நினைத்துப் பார்க்கவே அவளுக்கு மனம் ஒப்பவில்லை.

போட்டியின் கடைசி நாள் காலை, வீட்டை விட்டுக் கிளம்புவதற்குள் மூக்கர் போன் செய்தார். கொட்டகையில் வாயுவைப் பகுத்துப் பார்க்கும் கருவியின் பொறுப்பாளர் அவர். எந்தக் குழாயிலிருந்து எது எவ்வளவு வருகிறது என்று முகர்ந்து சொல்வதால் அந்தப் பெயர். கருவியின் திரையில் ஒரு கோடு ஓடும். மெத்தனால் வரும் இடத்தில் அந்தக் கோடு மலை போல எழும். மலை உயரமானால் மெத்தனால் அதிகம். பகுத்துப் பார்க்க இதற்கு மேல் படிப்பு வேண்டாம்.

"ரெண்டு பேரும் உடனே வாங்க. செம்பு மலை காணாமப் போச்சு."

"எந்த மலை?" என்றார் செம்பு.

"உங்க மலைதான் சார். தரைமட்டம்."

கொட்டகைக்குள் போய்த் திரையைப் பார்த்ததும் செம்புவின் முகம் பேயறைந்தது போல ஆயிற்று. அவருடைய கோடு துடைத்து வைத்த தரை மாதிரி கிடந்தது. பக்கத்துக் கோட்டில் பொடியம்மாவின் மலை, நேற்று நின்ற அதே உயரத்தில், ஒன்றுமே நடக்காதது போல நின்றது. எருமை மாட்டின் மேல் மழை பெய்தது போல என்பார்களே, அந்த நிதானம்.

அவளுக்கு உள்ளங்காலிலிருந்து சந்தோஷம் ஜிவ்வென்று ஏறியது. ஜெயித்துவிட்டாள்! கத்த வேண்டும் போலிருந்தது. ஆனால் பக்கத்தில் நிற்பவர் கணவர். உதட்டைக் கடித்துக்கொண்டு, பக்கத்து வீட்டுத் துக்கத்துக்குப் போனவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டாள். அந்த முகம் அவளுக்கே பொருந்தவில்லை.

செம்பு குழாயை ஆறவைத்துக் கழற்றினார். உள்ளே செம்பு மணிகள் நல்ல சிவப்பில் இருக்க வேண்டும். தட்டில் கொட்டியவை கரிக்கட்டை போலக் கறுத்திருந்தன.

"இது சூட்டுல செத்தது இல்ல" என்றார். ஒரு மணியை விரலில் உருட்டிக்கொண்டே இருந்தார். "கந்தகம். கந்தகம் பட்டாத்தான் இப்படிக் கறுக்கும். ஆனா கந்தகம் எப்படி உள்ள வரும்?"

அந்தக் கேள்வி பொடியம்மாவின் காதில் விழுந்த மாத்திரத்தில் அவள் சந்தோஷம் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது.

சிமென்ட் ஆலைப் புகையில் கந்தகம் இருக்கும். கந்தகம்தான் வினையூக்கிகளுக்கு எமன். அதனால் புகையை முதலில் ஒரு தொட்டி வழியாக அனுப்பி, கந்தகத்தை வடித்து, கழுவிய பிள்ளையாக்கித்தான் குழாய்களுக்குள் விடுவார்கள். தொட்டிக்குள் இருக்கும் மணிகள் கந்தகத்தைக் குடித்துக் குடித்து அலுத்துவிடும். அப்போது தொட்டியை மாற்ற வேண்டும். மாற்றும்போது வாயு நிற்கக் கூடாது என்பதற்காகத் தொட்டியைச் சுற்றிப் போகிற பைபாஸ் குழாயைத் திறந்துகொள்வார்கள். அந்தச் சில நிமிடம் மட்டும் கழுவாத புகை போனால் பெரிதாகக் கெட்டுவிடாது. புதுத் தொட்டியை மாட்டிய பிறகு பைபாஸை மூடிவிட வேண்டும்.

நேற்று மாலை தொட்டியை மாற்றியவள் அவள்தான்.

"காத்து வாங்கிட்டு வரேன்" என்று சொல்லிக் கொட்டகையின் பின்பக்கம் போனாள். குழாய்கள் அங்கேதான். பைபாஸ் வால்வின் கைப்பிடி குழாய்க்கு நேராக இருந்தது. நேராக இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்காக இருந்தால் மூடியிருக்கிறது. இதைப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுப்பார்கள். சொல்லிக்கொடுப்பவளும் அவள்தான்.

எல்லாம் ஞாபகம் வந்தது. புதுத் தொட்டியை மாட்டி, அதன் இரண்டு வாய்களையும் திறந்த நேரம். மூக்கர் உள்ளேயிருந்து "அம்மா, உங்க மலை இன்னிக்கு ஒரு விரல் ஏறியிருக்கு!" என்று கூவினார். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. பார்க்க ஓடினாள், திரும்பி வரவில்லை. தொட்டி, பைபாஸ் இரண்டும் திறந்திருந்தால் வாயு எந்த வழியில் போகும்? புதுத் தொட்டிக்குள் மணிகள் நெருக்கமாக இருக்கும். வாயுவும் நம்மைப் போலச் சோம்பேறிதான், காலியாகக் கிடக்கும் வழியைத்தான் பார்க்கும். கழுவாத புகை அப்படியே போய்ச் செம்பைக் கொன்றுவிட்டது.

கை தானாகக் கைப்பிடியின் மேல் போனது. கால் வட்டம் திருப்பினால் போதும். யாரும் பார்க்கவில்லை. திருப்பிவிட்டால் தொட்டி சரியாக இருந்தது, வால்வு சரியாக இருந்தது, செம்பு ஏனோ செத்தது, பொடி ஜெயித்தது. கொஞ்ச நேரத்தில் தலைவி வந்துவிடுவார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை, ஆனால் இந்தச் சோறு நிறையவே இருந்தது.

சத்தியமாக அவளுக்கு ஆசை வந்தது. வரவில்லை என்று சொன்னால் பொய்.

கைப்பிடி குளிர்ந்திருந்தது. அதைப் பிடித்தபடி, கொட்டகைச் சுவருக்கு அப்பால் கருவி கிர்ரென்று அடுத்த வாயுவை இழுக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றாள். அடுத்த மலை வரப்போகிறது. அவளுடைய மலை. இந்த நிமிடமும் அதே கழுவாத புகையைத்தானே...

"ஐயோ!" என்றாள் வாய்விட்டு.

ஒரு இரவு முழுக்க! தன் பொடி ஒரு இரவு முழுக்கக் கந்தகப் புகையைத் தின்றிருக்கிறது. தின்றுவிட்டு, ஏப்பம் கூட விடாமல் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது. அப்படியானால் தொட்டியே வேண்டாம். வடிகட்டுவது வேண்டாம், வாராவாரம் தொட்டியை மாற்றுவது வேண்டாம். 'எங்க புகையைக் குளிப்பாட்டி, பவுடர் போட்டு உங்களுக்கு அனுப்பணுமா?' என்று சலித்துக்கொண்ட ஆலைக்காரர்களின் வாயை ஒரேயடியாக அடைத்துவிடலாம். இந்த வால்வை இப்போது மூடினால் தப்பு மட்டும் மறையாது, இதுவும் சேர்ந்து மறைந்துவிடும்!

கையைச் சுட்டது போல எடுத்தாள். சுற்றி வளைத்து ஓடினாள். கொட்டகைக் கதவைத் தள்ளிய வேகத்தில் அது சுவரில் மோதியது.

"தப்பு பண்ணிட்டேன்! என்னங்க, நான் தப்பு பண்ணிட்டேன்! பைபாஸை மூடவே இல்ல!"

தப்பு செய்தேன் என்று இவ்வளவு சந்தோஷமாக ஒருவர் கத்தி அந்தக் கொட்டகை பார்த்ததில்லை. அதைவிட மோசம், கதவுக்கு உள்ளே தலைவி நின்றிருந்தார்.

செம்பு கையில் தட்டோடு எழுந்தார். "என் குதிரையைக் கொன்னுட்டு சிரிக்கிறியா நீ?"

"சிரிக்கல! இல்ல, சிரிக்கிறேன்தான். என்னங்க, யோசிச்சுப் பாருங்க. உங்களுது செத்துச்சு சரி. என்னுது ஏன் சாகல?"

செம்பு கறுத்த மணிகளைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். தட்டைக் கீழே வைத்தார். அவள் கணவரிடம் அவளுக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. எவ்வளவு கோபத்தில் இருந்தாலும் நல்ல கேள்வி ஒன்று காதில் விழுந்தால் மனிதர் கோபத்தை மறந்துவிடுவார். அது இப்போது நடந்துகொண்டிருந்தது, கண்ணுக்குத் தெரிந்தது.

தலைவிக்கு அந்தப் பழக்கம் இல்லை. "ஒரு நிமிஷம். போட்டியில இருக்கிற ஒருத்தர் கையால வால்வு திறந்து கிடந்திருக்கு. இன்னொருத்தரோடது செத்திருக்கு. வெளியில இதை எப்படிப் பேசுவாங்கன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

பொடியம்மாவுக்கு அப்போதுதான் அது உறைத்தது. முகம் சுண்டியது.

"மேடம்," என்றார் செம்பு, "திருடுறவ வீட்டுக்காரனை எழுப்பி, 'திருடிட்டேன், திருடிட்டேன்'னு கத்துவாளா? இவ கத்தினது ஆலை வாசல் வரைக்கும் கேட்டிருக்கும்."

தலைவி சிரிக்கவில்லை, ஆனால் கட்டியிருந்த கைகளை அவிழ்த்தார். "எப்படியும் இந்தச் சோதனை செல்லாது. வால்வை மூடுங்க. நாளைக்கு ரெண்டையும் புதுசா போட்டு, சுத்தமான வாயுவுல ஓட்டுங்க. அதுல வர்றதுதான் முடிவு. பெரிய உலையை இதுக்கு மேல காக்க வைக்க முடியாது."

சுத்தமான வாயு என்றால் செம்புதான் ஜெயிக்கும். அது அங்கிருந்த நான்கு பேருக்கும் தெரியும். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போய்விட்டது. தானே போய்ச் சொல்லிக் கெடுத்துக்கொண்டேனே என்று பொடியம்மா தன்னையே நொந்துகொண்டாள். சொல்லாமல் இருந்திருக்கவும் முடியாது என்பது அதைவிடப் பெரிய வேதனை.

"வால்வை மூட வேணாம்" என்றார் செம்பு.

அவர் அலமாரியைத் திறந்து ஒரு புட்டியை எடுத்தார். காற்றுப் படாமல் அடைத்து வைத்த சிவப்பு மணிகள். ஹைட்ரஜன் ஊட்டித் தயாராக வைத்திருந்த கடைசிப் புட்டி. நாளைய ஓட்டத்துக்கு அவரிடம் இருந்தது இது மட்டும்தான். புதிதாகச் செய்ய வாரக்கணக்கில் ஆகும்.

"இதைப் போட்டு இப்பவே, இதே புகையில ஓட்டுவோம். இவ சொல்றது நிஜம்னா இது நம்ம கண் முன்னாடி சாகணும், பக்கத்துல அது உயிரோட இருக்கணும். இல்லேன்னா நாளைக்கு எவனாவது 'அன்னிக்குப் புகையில கந்தகமே இருந்திருக்காது'ன்னு சொல்லிட்டுப் போயிடுவான்."

"வேணாங்க!" பொடியம்மா புட்டியைப் பிடித்தாள். "இது போச்சுன்னா நாளைக்கு உங்க கையில ஒண்ணும் இல்ல."

"அவங்க சொல்றது சரி" என்றார் தலைவி. "நாளைக்கு நீங்க சும்மா நின்னாலே ஜெயிப்பீங்க."

"தெரியும் மேடம். ஆனா இவ இப்படி ஒண்ணைச் சொல்லிட்டா. இதைத் தெரிஞ்சுக்காம நான் எப்படி வீட்டுக்குப் போயி சாப்பிடுறது?" மனைவியைப் பார்த்தார். அவர் கண்ணில் வெளிச்சம் ஏறியிருந்தது. "அதோட, சாகலேன்னா நீ தொலைஞ்ச. என்னுதும் தாங்குதுன்னு ஆயிடும். அதையும் யோசிச்சுக்கோ."

அவள் விரல்கள் புட்டியிலிருந்து ஒவ்வொன்றாக விலகின.

குழாயில் நிரப்பி, சூடேற்றி, அழுத்தம் ஏற்றி, பின்பக்கம் போய்க் கைப்பிடி நேராக இருக்கிறதா என்று நான்கு பேரும் தனித்தனியாகப் பார்த்தார்கள். அன்று அந்த வால்வுக்குக் கிடைத்த மரியாதை எந்த வால்வுக்கும் கிடைத்திருக்காது.

முதல் மலை வந்தது. செம்பு மலை ஓங்கி நின்றது, பழையபடி அவளுடையதைக் குனிந்து பார்த்துக்கொண்டு. அடுத்ததும் அதே உயரம். அதற்கு அடுத்ததும்.

"செம்பு நிக்குது" என்றார் மூக்கர் மெதுவாக.

பொடியம்மா திரைக்கு இன்னும் கிட்டே போனாள். ஒருவேளை கந்தகம் இல்லையோ? ஒருவேளை நேற்று வேறு ஏதோ நடந்து, தான் தப்பையும் செய்து, கதையையும் கட்டிவிட்டேனோ? செம்பு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் என்ன வேண்டுகிறார் என்று அந்த முகத்திலிருந்து அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. இத்தனை வருடக் குடித்தனத்துக்குப் பிறகும் முடியவில்லை.

மாமியாரின் போன் வந்தது. "ஸ்கோர் என்ன?"

"இன்னும் ஆட்டம் முடியல அத்தை."

"குரல் ஏன் நடுங்குது? என் பையன் ஜெயிக்கிறானா?"

"தெரியல அத்தை. தன்னோட பந்தைத் தானே அறுத்துப் பாத்துட்டிருக்காரு."

மறுமுனையில் நடுவர் சற்று யோசித்தார். "எந்த விதியில அது இருக்கு?" என்று கேட்டுவிட்டு, "சரி, ரெண்டு பேரும் ஏதாவது சாப்பிடுங்க" என்று வைத்துவிட்டார். யாரும் சாப்பிடவில்லை.

"முன்வரிசை மணி எல்லாம் கந்தகத்தைத் தன் மேல வாங்கிட்டுப் பின்வரிசையைக் காப்பாத்தும்" என்றார் செம்பு யாருக்கும் இல்லாமல். "பின்வரிசைக்கு வந்து சேர நேரம் ஆகும். பொறு."

பொறு என்று அவர் அவளிடம்தான் சொன்னார். தன் மணிகள் சாவதற்குப் பொறு என்று.

மதியம் சாய்ந்தபோது செம்பு மலையின் உச்சி கொஞ்சம் தேய்ந்தது. மூக்கர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். அடுத்த மலை தோள் வரைக்கும் இறங்கியிருந்தது. தலைவி நாற்காலியை இழுத்துத் திரைக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். அதன் பிறகு சரிவுதான். ஒவ்வொரு முறை கருவி கிர்ரென்றதும் நான்கு தலைகள் திரைமேல் கவிழ்ந்தன. பாதி, அதிலும் பாதி, மேடு, கடைசியில் எறும்பு கூடத் தடுக்காத சமதரை. பக்கத்திலே வெள்ளைப் பொடியின் மலை அசையவில்லை. அதே உயரம், அதே அகலம், அதே திமிர்.

தலைவி எழுந்தார். காலையிலிருந்து முதல் முறையாகச் சிரித்தார், அதுவும் பல் தெரிய. "அந்த வடிகட்டித் தொட்டியைப் பெரிய உலையிலிருந்து கழற்றச் சொல்லிடுறேன். உள்ள வெள்ளைதான் போகுது. புகையைக் கழுவாம அப்படியே விடுறோம்." மூக்கர் மேசையை ஓங்கித் தட்டினார். தலைவி போனை எடுத்துக்கொண்டு வெளியே போகும்போதே "கேளுங்க, ஒரு விஷயம்..." என்று யாரிடமோ கத்தத் தொடங்கிவிட்டார்.

பொடியம்மா நகரவில்லை. செம்பு குழாயைக் கழற்றி மணிகளைக் கொட்டிக்கொண்டிருந்தார். காலையில் பார்த்த சிவப்பு ஒன்றில் கூட இல்லை. அவர் ஒரு பிடியை உள்ளங்கையில் அள்ளி வைத்துக்கொண்டு பார்த்தார். அவள் துக்க முகத்தைத் தேடினாள், இந்த முறை அது தானாகவே வந்தது. கண் நிறைந்துவிட்டது.

அவர் நிமிர்ந்தார். கறுத்த மணிகள் விரல் சந்தில் ஒழுகின.

"என்ன என் மூஞ்சியைப் பாத்துட்டு நிக்கிற? காலையிலேருந்து அடக்கி வச்சிருக்க, எனக்குத் தெரியாதா? குதிடீ. நீ குதிக்கணும்னுதான் இதைக் கொன்னேன்."

அவள் குதித்தாள். கொட்டகையின் தகரத் தரை அதிர்ந்தது, அலமாரிப் புட்டிகள் கிணுகிணுத்தன, மூக்கர் கருவியை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டார். சட்டையிலிருந்து வெள்ளைப் பொடி பறந்து கணவரின் தலையிலும் மீசையிலும் விழுந்தது. அவர் தட்டிவிடவில்லை.